வெந்நீரில் மிதித்த மேஜோடு

எங்கள் வீட்டில் மிதிக்காத கம்பளியை யாரும் மேலே போட்டுக்கொள்ள மாட்டார்கள். தறியிலிருந்து அறுத்து இறக்கிய கம்பளியைப் பச்சைக் கம்பளி என்பார்கள். புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெய்ததால் அது முறம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பலகைக் கல்லில் விரித்து, பூந்திக்கொட்டை கரைத்த வெந்நீரை ஊற்றி, காலால் மிதிமிதியென்று மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க இழை இழையைப் பிடித்துக்கொள்ளும். நெய்த துணி என்பதே தெரியாதபடி கெட்டியாகும். மிதித்த கம்பளி நாலு பக்கமும் சுருங்கும் என்பதால், அதற்கென்றே ஒரு சாண் கூட விட்டு நெய்வது வழக்கம்.

யார் மிதிப்பது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. சந்தைக்குப் போகிற கம்பளியை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். வீட்டு ஆண்பிள்ளை போர்த்துகிற கம்பளியை அவனைப் பெற்றவள்தான் மிதிக்க வேண்டும். பெற்றவள் மிதித்ததைப் போர்த்திக்கொண்டு போகிறவன் எங்கே போனாலும் வீடு திரும்புவான் என்பது அம்மாவின் நம்பிக்கை. ஊரில் மற்ற வீடுகளில் இப்படி உண்டா என்று நான் விசாரித்ததில்லை. எங்கள் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம், அதை எதிர்த்து வாயைத் திறந்தால் கரண்டி பறக்கும்.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே எங்கள் ஊர். ஆடு மேய்த்து, மயிர் வெட்டி, நூற்று, கம்பளி நெய்கிற குடும்பம். வீட்டுக்குள் பாதி கன்னடம், பாதி தமிழ். அப்பா போன பிறகு தறியில் அண்ணன் உட்கார்ந்தான். நான் கல்யாணமாகிப் போன சுருக்கில் புருஷனை விஷக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து ராட்டையில் உட்கார்ந்தவள். எங்கள் ஆட்களில் தாலி அறுத்தவளுக்கு மறுபடி கட்டிவைக்கிற வழக்கம் உண்டு. என்னையும் கேட்டார்கள். ஒருதரம் பட்டது போதும், ஆளை விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் பட்டாளத்துக்குப் போனது ஆடுகளால்தான். அந்த வருஷம் நோய் விழுந்து பட்டியில் பாதிக்குமேல் செத்துப்போயின. நெய்ய மயிர் இல்லை. தர்மபுரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவன், பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் எங்களிடம் சொன்னான். அண்ணி வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அம்மா அழவில்லை. புதுக் கம்பளி ஒன்றைக் கல்லில் போட்டு, கால் சிவக்கச் சிவக்க மிதித்து, காய வைத்து, மடித்துக் கொடுத்தாள். அப்போது எங்கள் பக்கம் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏறி, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

கொஞ்ச நாளில் அவனைக் கப்பலில் மலாய்க்குக் கொண்டுபோனார்கள். பிறகு சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. பிடிபட்டவர்களில் அண்ணன் இருக்கிறானா, செத்தவர்களில் இருக்கிறானா என்று சொல்ல ஒருவரும் இல்லை. காணவில்லை என்று மட்டும் சர்க்காரிலிருந்து தெரிவித்தார்கள். காணவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அம்மா ஊரில் படித்தவர்களையெல்லாம் கேட்டாள். தெரியவில்லை என்று அர்த்தம் என்றார்கள். அதைச் சொல்ல ஒரு சர்க்கார் வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள். நான் பேசுகிற பேச்சுக்கு அவளும் பேசியிருந்தால் அந்த வீடு இரண்டுபட்டிருக்கும். சிங்கப்பூர் செய்தி வந்த அன்றும் அவள் களி கிளறி, எல்லாருக்கும் வைத்து, கடைசியில் தானும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசினார்கள். அவள் அழுது யாரும் பார்க்காததால் அப்படிச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் மாரண்டஹள்ளியில் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். யுத்தத்தில் இருக்கிற சிப்பாய்களுக்குக் காலில் போடுகிற மேஜோடும் தலைக்குக் குல்லாவும் பின்னி அனுப்ப, காக்கிக் கம்பளி நூல் உருண்டைகள் அவரிடம் வந்திருந்தன. சந்தைக்குப் போன பெண்களை உட்கார வைத்துப் பின்னக் காட்டிக் கொடுத்தார். அண்ணி ஒருதரம் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த சந்தையில் ஊசி பிடித்தாள். அதற்கடுத்து நர்ஸம்மா அவளிடம் உருண்டைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். நூலை எடைபோட்டுக் கொடுத்து, பின்னியதையும் எடைபோட்டு வாங்குவார்கள், ஒரு இழை வீட்டில் தங்காது.

தறியில் நெடுக்கே பாவு, குறுக்கே ஊடு என்று பார்த்துப் பழகிய அம்மாவுக்கு அந்த வேலையே வேடிக்கையாக இருந்தது. "பாவு இல்ல, ஊடு இல்ல, ஒரே நூலு. ஒரு எடத்துல இழுத்தா அத்தனையும் உருவிக்கிட்டு வருது. இது ஒரு துணியா புள்ள?" என்பாள். அண்ணி சிரித்துக்கொண்டே பின்னுவாள். ஊருக்கெல்லாம் பின்னுகிறவள் தன் புருஷனுக்குப் பின்ன மாட்டாளா? நர்ஸம்மாவின் நூலைத் தொட முடியாது. என்னிடம் வந்தாள்.

"உங்க அண்ணனுக்கு ஒரு ஜோடி போடலாம்னு இருக்கேன். நம்ம ஆட்டு மயிருல மெலிசா நூத்துக் குடுப்பீங்களா?"

நூற்றுக் கொடுத்தேன். கம்பளிக்கு நூற்கிற மாதிரி இல்லாமல், கருப்பு ஆட்டுக் குட்டியின் முதல் மயிராகப் பொறுக்கி, விரல் நோக நோக நூற்றேன். பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைக் கல்லில் தேய்த்து அவள் ஊசி செய்துகொண்டாள். அளவுக்கு என்ன செய்வாள் என்று நினைத்தேன். பட்டி வாசலில், அண்ணன் ஒருதரம் மண் பூசியபோது ஈரத்தில் வைத்த காலடி அப்படியே காய்ந்து நின்றிருந்தது. அகலப் பாதம், கட்டைவிரல் தனியே விலகி நிற்கும். அண்ணி அதன்மேல் நூலை வைத்து நீளமும் அகலமும் எடுத்தாள். எடுத்துவிட்டு அந்த அடியின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தாள், ஆடு மிதித்துவிடக் கூடாதென்று.

அவள் முதல் மேஜோட்டில் குதிகால் வளைவைப் பின்னிக்கொண்டிருந்த நாட்களில்தான் அவளுடைய அப்பா வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நிற்கும்போதே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, கெட்டது நெனச்சு வரலீங்க. மாப்பிள்ள வந்தா நான் தலைமேல வெச்சுக்குவேன். வராட்டி? எம்புள்ளைக்கு இன்னும் வயசு கெடக்குது. எங்க ஊர்ல ஒருத்தரு கேக்கறாரு. பொண்டாட்டி செத்தவரு, நல்ல மாதிரி. இங்க காரியத்தப் பண்ணிட்டு அனுப்பினீங்கன்னா எல்லாருக்கும் நல்லது."

காரியம் என்றால் அண்ணனுக்குக் கருமாதி. உடம்பு இல்லாமல், அவன் போர்த்திய பழைய கம்பளியை வைத்துப் பண்ணுவார்கள். பண்ணினால் அண்ணியின் தாலியை எடுப்பார்கள். எடுக்கும்போது எப்படி இருக்கும் என்பது ஒருதரம் பட்ட எனக்குத் தெரியும்.

அம்மா ஒரே பேச்சாக, "எம்பையன் வருவான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தாய்மாமன், "எத்தன நாளைக்கிப் பாக்கறது? ஊருன்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்று ஆரம்பித்தார். அவருக்கு எதிலும் ஊர் வந்துவிடும்.

"மாமா, உங்க எரும காணாமப் போனப்ப பென்னாகரம் வரைக்கும் தேடிக்கிட்டுப் போனீங்க. எங்க அண்ணன் எருமைக்கும் கேவலமா?" என்றேன். அவர் என்னோடு பேசுவதை அதோடு நிறுத்தினார், எனக்கும் சவுகரியமாகப் போயிற்று.

அண்ணி உள்ளேயிருந்து வந்து அப்பாவுக்கு மோர் கொடுத்தாள். "மேஜோடு பின்னிக்கிட்டிருக்கேன், அப்பா. அது முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "உகாதிக்கு வரேன், கண்ணு. அதுக்குள்ள முடிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் இழுத்தடிப்பாள் என்று நினைத்தேன். இல்லை, உகாதிக்கு முன்பே முடித்துவிட்டாள். கருகருவென்று ஒரு ஜோடி. நான் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை சூடு ஏறியது. அவற்றைக் கொடியில் போட்டுவிட்டு அண்ணி மாரண்டஹள்ளிக்குக் கிளம்பினாள். யுத்தக் கைதிகளுக்குச் சாமான் அனுப்ப வழி இருக்கிறதாமே, நர்ஸம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். பிணத்துக்கு யாரும் மேஜோடு அனுப்புவதில்லை. அனுப்பிவிட்டால் அப்புறம் அப்பா எந்த வாயால் காரியம் என்பார்? அதுதான் அவள் கணக்கு என்று எனக்குப் புரிந்தது.

நான் ஆட்டோடு காட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கல்லில் ஈரம். அம்மா முந்தானையில் காலைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு பயம். கையில் அந்த இரண்டு மேஜோடுகள்.

அவள் வேறு எதுவும் நினைத்துச் செய்யவில்லை. மகனுக்குப் போகிற கம்பளி. மிதிக்காமல் போனால் அவன் எப்படித் திரும்புவான்? கொப்பரையில் வெந்நீர் போட்டாள், பூந்திக்கொட்டை கரைத்தாள், கம்பளியை மிதிக்கிற அதே மிதி மிதித்தாள். நெய்த கம்பளியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் ஒரு சாண் சுருங்கியதோடு நிற்கும். பின்னலில் அப்படிப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதுவும் நான் பொறுக்கிப் பொறுக்கி நூற்ற குட்டி மயிர், மெத்தென்றது. சுருங்கச் சுருங்க அது சுருங்கிக்கொண்டே போயிருக்கிறது. பின்னலின் கண்ணிகளே தெரியவில்லை. விரல் பருமனுக்குத் தடித்து, நீளம் பாதியாகிவிட்டது. அகலத்தில் மட்டும் அவ்வளவு குறையவில்லை. குட்டையாக, தடியாக, என்னவென்று சொல்ல முடியாத ஒரு உருவம்.

அண்ணி வந்தாள். வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"என்ன பண்ணினீங்க அத்த?"

"மிதிச்சேன் புள்ள. மிதிக்காத எப்படி அனுப்பறது?"

"பச்சத் தண்ணியில அலசினா போதும்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

"நர்ஸம்மாவா பெத்தா அவன?"

அண்ணி மேஜோட்டுக்குள் கையை விட்டாள். பாதி வழியிலேயே விரல் முட்டி நின்றது. "இதுல அவரு காலு எப்படிப் போவும்?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அப்புறம் அழுதாள். சிங்கப்பூருக்கு அழாதது, ஊர்ப் பேச்சுக்கு அழாதது, எல்லாம் சேர்த்து அன்றைக்கு அழுதாள். மேஜோடு இரண்டையும் மயிர்க்கூடைப் பக்கம் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நர்ஸம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கக்கூட இல்லை. ஜப்பான்காரனிடம் இருப்பவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது என்று சொல்லியிருக்கிறார். அதைப் பல நாள் கழித்துத்தான் அண்ணி என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். "உங்க அண்ணிகிட்டச் சொல்லு, கஞ்சி ஆறுதுன்னு." "அத்தைகிட்டச் சொல்லுங்க, எனக்குப் பசியில்லன்னு." இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு என் மூலமாகப் பேசுவார்கள். ஒருநாள் கடுப்பில், நான் என்ன தபால்காரியா என்று கத்தினேன். இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

உகாதிக்கு அண்ணியின் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சுருங்கிய சமாச்சாரம் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. மாமனுக்கு வாய் நிறையச் சோறு கிடைத்த மாதிரி. "காலே இல்லாத மாதிரி சுருங்கிப் போச்சுன்னா என்ன அர்த்தம்? சாமியே சொல்லிருச்சு" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல் இருந்தது. ஆனால் மனதுக்குள் நானும் அதையேதான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அம்மாவும்தான். அவள் அன்று யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மேஜோடு முடிஞ்சிருச்சில்ல கண்ணு. வண்டியில ஏறு" என்றார் அண்ணியின் அப்பா.

"முடியலீங்க அப்பா" என்றாள் அண்ணி. மடியிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினாள். நான்கு கம்பிகளில் கருப்பு நூல் ஒரு விரற்கடை உயரம் ஏறியிருந்தது. எனக்கே தெரியாமல் என் நூலில் மிச்சத்தை எடுத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். "கெட்டுப் போனது கெட்டுப் போச்சு. திரும்பவும் போட்டுக்கிட்டிருக்கேன். நீங்க வண்டியப் பூட்டுங்க, வெயிலுக்கு முன்னாடி ஊர் போய்ச் சேருங்க" என்றாள்.

அவர் மகள் தலையில் கையை வைத்துவிட்டு, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. பெண் கேட்ட அந்த ராயக்கோட்டைக்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

இரண்டாவது ஜோடியை அண்ணி முடித்தாள். கொடியில் போடவில்லை. தன் துணி மூட்டைக்குள் வைத்து முடிச்சுப் போட்டுத் தலைக்கு வைத்துக்கொண்டாள். அம்மா அந்த மூட்டையைப் பார்ப்பாள், திரும்பிக்கொள்வாள். தான் செய்தது தப்பு என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் கம்பளியையும் அவள் மிதிக்கவில்லை. சந்தைக் கம்பளியைக்கூட நான்தான் மிதித்தேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். பாலக்கோட்டில் ஒருவன் வந்துவிட்டான், பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவன் வந்துவிட்டான் என்று சேதி வரும். அம்மா ஒவ்வொருவரையும் தேடிக்கொண்டு போய் விசாரிப்பாள். யாருக்கும் தெரியவில்லை. அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. மார்கழிக் குளிர் வந்தது. பல் கிட்டுகிற குளிர் எங்கள் பக்கத்தில்.

நான் வாசலில் ராட்டையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரை மேல் ஒரு ஆள் வந்தான். காக்கிச் சட்டை, கையில் கம்பு. இரண்டு எட்டு வைப்பான், நிற்பான். பிச்சைக்காரன் என்று நினைத்து, கஞ்சி இருக்கிறதா என்று யோசித்தேன். கிட்டே வந்து அவன் என் பெயரைச் சொன்னபோதுதான் எனக்கு அண்ணன் குரல் தெரிந்தது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் தெரிந்தது.

மாரண்டஹள்ளி வரை கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறான். அவன் போன சின்ன ரயில் அப்போது இல்லை, யுத்தத்துக்கென்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அண்ணி வாசற்படியில் நின்றவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஊருக்கே கேட்கிற மாதிரி ஓவென்று அழுதேன், எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"கம்பளி போச்சும்மா" என்றான் அண்ணன். வந்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு. "காட்டுல கூட இருந்தவன் ஒருத்தன் செத்தான். அவன் மேல போத்திப் பொதைச்சோம்."

"போவுட்டும் சாமி" என்றாள் அம்மா.

வலது காலைச் சாக்குத் துணியால் சுற்றியிருந்தான். அண்ணி வெந்நீர் கொண்டுவந்து வைத்து, சுற்றை அவிழ்த்தாள். ஜப்பான்காரனிடம் காட்டு வேலை செய்தபோது புண் வந்து, புழு வைத்து, விரல்கள் அத்தனையையும் சேர்த்துப் பாதி பாதத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். குதிகாலும் நடுப்பாதமும் இருந்தன, முன்பக்கம் இல்லை. ஆறின இடம் சிவந்து, தோல் மெல்லிசாக, குளிரில் வெடித்திருந்தது. "தரையில வெச்சா உசுரு போவுது. செருப்பும் நிக்க மாட்டேங்குது" என்றான். அண்ணி அந்தக் காலை மடியில் வைத்து, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். பிறகு எழுந்து போய்த் தன் மூட்டையை அவிழ்த்து, நீள மேஜோட்டைக் கொண்டுவந்தாள். இடது காலுக்குப் போட்டாள், சரியாக இருந்தது. வலதுக்குப் போட்டாள். முன்பக்கம் வெறும் துணியாகத் தொங்கியது. மடித்துவிட்டுப் பார்த்தாள். மடிப்பு புண்ணில் பட்டு அண்ணன் முகத்தைச் சுளித்தான். கழற்றிவிட்டாள்.

அம்மா உள்ளே போனாள். மயிர்க்கூடையை அவள் கிளறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்தக் குட்டை மேஜோடுகள். தூசி தட்டி வைத்திருந்தாள், ஒரு பூச்சி அரித்த ஓட்டை இல்லை. இத்தனை வருஷமும் எடுத்து எடுத்து வெயிலில் காட்டியிருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல். மகனிடம் போகவில்லை. மருமகளிடம் நீட்டினாள்.

அண்ணி அவற்றை வாங்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

"நீங்களே போட்டு விடுங்க அத்த" என்றாள்.

அம்மா உட்கார்ந்து போட்டுவிட்டாள். குதிகாலில் பதிந்து, வெட்டுப்பட்ட இடம் வரை வந்து, அங்கே சரியாக முடிந்தது. தையல் இல்லை, மடிப்பு இல்லை. விரல் பருமன் கம்பளி. அண்ணன் காலைத் தரையில் வைத்தான். அழுத்தி வைத்தான். கம்பில்லாமல் சுவர் வரை போய், திரும்பி வந்தான். அம்மா விம்மிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி பின்னியது நான்கு. குட்டை இரண்டும் வலது காலுக்கு, நீளம் இரண்டும் இடது காலுக்கு. ஒன்று காலில் இருக்கும்போது ஒன்று காயும். அந்த நான்கில் ஒன்றுகூட வீணாகவில்லை.

மறுநாள் காலை அண்ணி நீள மேஜோடுகளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். "இது இன்னும் பச்சையாத்தான் இருக்குது அத்த. மிதிச்சுக் குடுங்க" என்றாள். அம்மா முடியாது என்று தலையை ஆட்டினாள். அண்ணி விடவில்லை. தானே பூந்திக்கொட்டை கரைத்து, தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவிக் கல்லில் ஊற்றினாள். அம்மா பயந்து பயந்து ஒரு காலை வைத்தாள், பிறகு மறு காலையும். அவள் மிதிக்க, அண்ணி பக்கத்திலேயே குனிந்து நின்று விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுங்க அத்த" என்றாள்.

அம்மா நிறுத்தினாள்.